மெயில் வரவில்லை, போகவில்லை, காணவில்லை: கணினி அஞ்சல் செயலிகளுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கம்

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற அஞ்சல் செயலியில் கோளாறு வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. மெயிலின் அசல் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் வகைக் கணக்கென்றால் நேரம் வீணாவதோடு போகும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் வகைக் கணக்கென்றால் பத்து வருட மெயிலும் அதோடு போய்விடலாம், ஏனென்றால் சர்வரில் நகல் இருக்காது. அறிகுறி எதுவானாலும் முதலில் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள்.

1. பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கேயும் மெயில் இல்லையென்றால் செயலியை நோண்டிப் பயனில்லை. அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் கோளாறு வழியிலோ உங்கள் கணினியிலோ இருக்கிறது.

2. கணக்கு ஐமேப்பா, பாப்பா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' → 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் முதல் வரியே அதுதான். ஐமேப்பில் அசல் சர்வரில் இருக்கும், கணினியில் இருப்பது பிரதி. பாப்பில் பெரும்பாலும் கணினியில் இருப்பதே அசல்.

3. செயலியை முழுக்க மூடிவிட்டு, மெயில் இருக்கும் ஃபோல்டரை வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். தண்டர்பேர்டில் 'ஹெல்ப்' → 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' வரிக்கு எதிரே உள்ள பொத்தான் அந்த இடத்தைத் திறக்கும். பழைய அவுட்லுக்கில் 'ஃபைல்' → 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' → 'டேட்டா ஃபைல்ஸ்' என்ற பட்டியலில், மெயிலைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு இருக்கும் இடம் தெரியும்.

பிழைச் செய்தி வந்தால் மூடும்முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் யாரையாவது அழைக்க நேர்ந்தால், "வேலை செய்யவில்லை" என்பதைவிட அந்த ஒரு வரி எவ்வளவோ உதவும்.

## அறிகுறி 1: பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கேட்கும். பிரவுசரில் அதே பாஸ்வேர்ட் நுழைய விடும், செயலியில் விடாது. பெரிய சேவைகள் வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து அஞ்சல் செயலிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டன என்பதே காரணம். கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தனது அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16இல் நிறுத்தியது. அதற்கு முன் போட்ட செட்டிங் அப்படியே கிடந்தால் இந்தத் தொல்லை வரும்.

### ஜிமெயில் என்றால்

'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஆத்தென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்ட்' இருந்தால் அதை 'ஓஆத்2' ஆக்குங்கள். பாஸ்வேர்டைச் செயலியிடம் கொடுக்காமல், சேவையின் சொந்தப் பக்கத்தில் நுழைந்து செயலிக்கு அனுமதி தரும் முறை இது. தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் உள்நுழைவுச் சன்னல் வரும். சன்னல் வெறுமையாக நிற்கிறதா, நுழைந்த பின்னும் மறுபடி அதே சன்னல் வருகிறதா? 'செட்டிங்ஸ்' → 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் குக்கீக்களை ஏற்கும் பெட்டி டிக் செய்யப்பட்டிருக்க வேண்டும். தண்டர்பேர்டில் குக்கீ எதற்கு என்று அணைத்து வைத்தவர்களுக்கு இங்கேதான் சிக்கும்.

சமீபத்தில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அப்படி மாற்றினால் செயலிக்குக் கொடுத்த மெயில் அனுமதியும், செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கும் ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகிவிடும். இதில் பழுது ஒன்றுமில்லை, மறுபடி அனுமதி கொடுத்தால் போதும்.

ஓஆத்2 தெரியாத பழைய செயலி என்றால் ஆப் பாஸ்வேர்ட் ஒரு வழி. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால்தான் அது கிடைக்கும். 16 எழுத்து. வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதில் இதைச் செயலியில் போட வேண்டும்.

### அவுட்லுக், ஹாட்மெயில் முகவரி என்றால்

ஆப் பாஸ்வேர்ட் இங்கே உதவாது. ஓஆத்2 மட்டும்தான். அதோடு, இந்தக் கணக்குகளில் பாப், ஐமேப் அனுமதி இயல்பாக அணைந்தே இருக்கும். பிரவுசரில் மெயிலைத் திறந்து, அமைப்புகளில் 'மெயில்' → 'ஃபார்வர்டிங் அண்ட் ஐமேப்' போய் இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் செயலியில் எத்தனை முறை முயன்றாலும் பாஸ்வேர்ட் பிழை என்றே சொல்லும். உண்மையில் பாஸ்வேர்டில் பிழை இல்லை, கதவே மூடியிருக்கிறது.

### சொந்த டொமைன், ஹோஸ்டிங் மெயில் என்றால்

இங்கே பெரும்பாலும் இன்னும் 'நார்மல் பாஸ்வேர்ட்'தான். யூசர்நேம் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். @க்கு முந்தைய பகுதியை மட்டும் போட்டிருந்தால் பல சர்வர்கள் மறுக்கும். பலமுறை தவறாக முயன்றிருந்தால் உங்கள் இணைய முகவரியையே (ஐபி) சர்வர் சிறிது நேரம் தடுத்திருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை முயன்றால் தெரிந்துவிடும். அதில் நுழைய முடிந்தால், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் தடையை நீக்கச் சொல்லுங்கள்.

### எல்லாம் சரி, இன்னும் கேட்கிறது

'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' → 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலில் அந்தக் கணக்குக்கு உரிய வரிகளை எல்லாம் நீக்குங்கள். ஐமேப்புக்கு ஒன்று, மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிக்கு ஒன்று, ஓஆத்துக்கு ஒன்று எனப் பல இருக்கும். ஒன்றை மட்டும் நீக்கினால் மிச்சமுள்ளது மறுபடி தலைதூக்கும்.

கணினியின் தேதியையும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னே போகும். சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று செயலி முறையிடும். சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி, வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: அலுவலகக் கணக்கில் "நிர்வாகி அனுமதி தேவை" என்று வந்தால் உங்கள் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. அலுவலக கணினி நிர்வாகிதான் அந்தச் செயலியை அனுமதிக்க வேண்டும்.

## அறிகுறி 2: பிரவுசரில் மெயில் இருக்கிறது, செயலிக்கு வரவில்லை

எளியதிலிருந்து தொடங்குங்கள். தண்டர்பேர்ட் சன்னலின் கீழ் இடது மூலையில் ஆஃப்லைன் சின்னம் இருக்கிறது; தெரியாமல் அதை அழுத்தியிருக்கலாம்.

அடுத்து போர்ட், அதாவது சர்வரில் செயலி நுழையும் வாசலின் எண்; அதோடு சேர்ந்த மறையாக்க முறையையும் பாருங்கள். ஐமேப் என்றால் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பாப் என்றால் 995, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 143, 110 என்று இருந்தால் அவை பழைய, மறையாக்கம் இல்லாமல் தொடங்கும் போர்ட்டுகள். பெரிய சேவைகள் எதுவும் இப்போது அப்படி ஏற்பதில்லை.

### "டைம்டு அவுட்" என்று சொன்னால்

மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். அதில் மெயில் வந்தால் கோளாறு உங்கள் ரவுட்டரிலோ அலுவலக ஃபயர்வாலிலோ இருக்கிறது. அதிலும் வரவில்லையென்றால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். பல ஆன்டிவைரஸ்கள் 'மெயில் ஷீல்டு' என்ற பெயரில் செயலிக்கும் சர்வருக்கும் நடுவே புகுந்து, சர்வரின் சான்றிதழுக்குப் பதில் தங்களுடையதைக் காட்டும். அந்த ஒரு அம்சத்தை மட்டும் பத்து நிமிடம் அணைத்துச் சோதியுங்கள். முழு ஆன்டிவைரஸையும் நிறுத்த வேண்டாம். மெயில் வந்துவிட்டால் அதை அணைத்தே விட்டுவிடலாம். மெயிலோடு வந்த கோப்பைத் திறக்கும்போது அதைச் சோதிக்கும் பகுதி அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும்.

'ஹெல்ப்' → 'ட்ரபிள்ஷூட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. ஆட்-ஆன்கள் இல்லாமல் செயலி திறக்கும். அதில் மெயில் வந்தால் ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக அணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்.

### "இணைப்புகள் அதிகம்" என்று சொன்னால்

ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள் வரைதான் அனுமதிக்கும். தண்டர்பேர்ட் மட்டுமே இயல்பாக 5 வரை திறக்கும். வீட்டுக் கணினி, லேப்டாப், போன், டேப்லெட் என்று சேர்த்தால் எல்லை வந்துவிடும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டவ்காட் சர்வரில் இயல்பான எல்லை, ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு பயனருக்கு 10தான். 'சர்வர் செட்டிங்ஸ்' → 'அட்வான்ஸ்டு' போய் இணைப்பு எண்ணிக்கையை 2 ஆக்குங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

### பாப் கணக்கு, சில மெயில் மட்டும் வருகிறது

இரண்டு கணினிகள் ஒரே பாப் கணக்கை எடுத்துக்கொண்டிருந்தால், முதலில் எடுத்தது எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டிலும் 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' டிக் இருக்க வேண்டும். ஜிமெயிலில் ஒரு கூடுதல் சிக்கல்: ஒரு செயலி எடுத்த மெயிலை இன்னொன்றுக்கு அது காட்டாது. யூசர்நேமுக்கு முன்னால் ரீசன்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் இடைவெளியின்றிச் சேர்த்தால் கடைசி 30 நாள் மெயில் எல்லாச் செயலிகளுக்கும் கிடைக்கும். ஆனால் இரண்டு கருவிகளில் பார்ப்பவர் பாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. ஐமேப்புக்கு மாறிவிடுங்கள்.

### பிரவுசரிலும் வரவில்லை

சேமிப்பிடம் நிரம்பியிருக்கும். ஜிமெயிலின் 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். மெயில் கொஞ்சமாக இருந்தும் போன் வீடியோக்கள் அந்த இடத்தை அடைத்துவிடும். நிரம்பிய பிறகு உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். இடம் காலியானாலும் திரும்பியவை தானாக வந்து சேராது.

## அறிகுறி 3: மெயில் வருகிறது, அனுப்ப முடியவில்லை

முதலில் பார்க்க வேண்டியது இது. வரவுக்கு ஓஆத்2 போட்டவர்கள் அனுப்பும் சர்வரை மறந்துவிடுவார்கள். தண்டர்பேர்டில் அது கணக்கின் கீழ் இருக்காது. 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பட்டியலின் கடைசியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று தனியாக இருக்கும். அங்கேயும் ஓஆத்2 ஆக்க வேண்டும்.

போர்ட் 25 என்று இருந்தால் மாற்றுங்கள். ஸ்பேம் அனுப்புவதைத் தடுக்க இணைய நிறுவனங்கள் பரவலாக அடைத்து வைத்திருக்கும் போர்ட் அது. 587 போட்டால் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்', 465 போட்டால் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் பிழைச் செய்தியே வராமல் வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும்.

### பெரிய இணைப்பு மட்டும் போகவில்லை

ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் 24 எம்பி கோப்பு போகாது. இணைப்புகள் அஞ்சலுக்குள் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். ஆகவே 18 எம்பியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் டிரைவில் ஏற்றி இணைப்புச் சுட்டியை அனுப்புங்கள்.

### "காப்பியிங் டு சென்ட்" என்று நிற்கிறது

இந்தக் கட்டத்தில் மெயில் ஏற்கெனவே போய்விட்டது. சென்ட் ஃபோல்டரில் நகல் வைப்பதில்தான் தடை. மறுபடி அனுப்பினால் பெறுபவருக்கு இரண்டாகப் போகும். பண விஷயம், விண்ணப்பம் போன்றவற்றில் இது சங்கடம். ஜிமெயில் தானே நகலை வைத்துக்கொள்ளும். 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் சென்ட் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. மற்ற சேவைகளில் அதே இடத்தில் நகல் போகும் ஃபோல்டர் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

### போகிறது, ஆனால் ஸ்பேமில் விழுகிறது

பல கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கின் முகவரியை இன்னொரு கணக்கின் சர்வர் வழியாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்திலும் கீழே 'அவுட்கோயிங் சர்வர்' பெட்டியில் அதற்கு உரியதே தேர்வாகியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநரின் டொமைன் சான்றுகளைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. சொந்த டொமைன் வைத்திருந்தால் மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவேட்டில்) இருப்பது நல்லது. இதைச் செயலியில் சரிசெய்ய முடியாது. டிஎன்எஸ் பழக்கமில்லாதவர் கை வைத்தால் வரும் மெயிலும் நின்றுவிடும். டொமைனைப் பார்த்துக்கொள்பவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: பழைய மெயில்கள் காணவில்லை

பதற வேண்டாம், பெரும்பாலும் இருக்கும். ஆனால் இங்கேதான் அவசரம் அதிகச் சேதம் செய்யும். தொடக்கத்தில் சொன்ன நகலை எடுக்காமல் கீழே எதையும் தொடாதீர்கள்.

### பட்டியல் சுருங்கித் தெரிகிறது

மேலே 'குயிக் ஃபில்டர்' பட்டையில் 'அன்ரெட்' அழுந்தியிருக்கும். அல்லது வரிசை தலைகீழாகி, புதியது அடியில் போயிருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால் ஜிமெயிலின் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்' பகுதிக்குப் போங்கள். 'ஃபோல்டர் சைஸ் லிமிட்ஸ்' என்ற இடத்தில் 1,000 மெயில் என்று எல்லை போட்டிருந்தால் செயலிக்கு அவ்வளவுதான் தெரியும்.

### செயலியைப் புதிதாக நிறுவிய பின் எல்லாமே காலி

ஏறக்குறைய எப்போதும், தண்டர்பேர்ட் புதிய ப்ரொஃபைலைத் தொடங்கியிருக்கும். பழையது பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'ப்ரொஃபைல்ஸ்' வரியிலுள்ள சுட்டியைத் திறந்தால் எல்லா ப்ரொஃபைல்களும் வரும். பழையதை இயல்பாக்கி மூடித் திறங்கள்.

### ஒரு ஃபோல்டர் மட்டும் காலி, அல்லது தலைப்பு ஒன்று, உள்ளே வேறு மெயில்

தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு கோப்புகள் வைக்கிறது. 'இன்பாக்ஸ்' என்று பின்னொட்டு இல்லாமல் இருப்பது மெயில். எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு இருப்பது வெறும் அட்டவணை. அட்டவணை கெட்டால் மெயில் இருந்தும் தெரியாது.

ஃபோல்டரில் வலது கிளிக் → 'ப்ராப்பர்ட்டீஸ்' → 'ரிப்பேர் ஃபோல்டர்'. ஐமேப் கணக்கில் இது அந்த ஃபோல்டரை மறுபடி இறக்கும், ஆகவே மொபைல் டேட்டாவில் இருக்கும்போது செய்யாதீர்கள். மேலும் ஜிமெயில் ஒரு நாளில் ஐமேப் வழியாக 2,500 எம்பிக்கு மேல் இறக்க விடாது. எல்லையை மிஞ்சினால் கணக்கு சில மணி நேரம் செயலிக்கு மூடப்படும். பெரிய ஃபோல்டர்களை ஒரே நாளில் வரிசையாக ரிப்பேர் செய்ய வேண்டாம்.

ரிப்பேர் உதவாவிட்டால் செயலியை மூடி, ப்ரொஃபைலுக்குள் அந்த ஃபோல்டரின் எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் நீக்கித் திறங்கள். புதிதாக உருவாகும். பின்னொட்டில்லாத கோப்பை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். பாப் கணக்கில் உங்கள் மெயில் முழுவதும் அந்த ஒரு கோப்புதான்.

பின்னொட்டில்லாத கோப்பே 0 கேபியாக இருக்கிறதா, காணவே இல்லையா? ஆன்டிவைரஸின் 'குவாரண்டைன்' பட்டியலைத் திறங்கள். ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் அது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அங்கிருந்து மீட்ட பிறகு, ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

### பழைய அவுட்லுக்கில் பிஎஸ்டி திறக்கவில்லை

அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டியின் இயல்பான எல்லை 50 ஜிபி. எல்லையை நெருங்க நெருங்கத் திறப்பதும் தேடுவதும் தடுமாறும். அவுட்லுக்கோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' கருவியை நகலின் மீது ஓட்டுங்கள், அசலின் மீது வேண்டாம். ஒரு முறை ஓட்டி பிழை தீராவிட்டால் மறுபடி ஓட்டலாம். இரண்டாம் மூன்றாம் முறையில் சரியாவதும் உண்டு. திறந்தவுடன் வருடவாரியாகப் புதிய பிஎஸ்டிகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: நகலெடுக்கும்போதே "படிக்க முடியவில்லை" என்று பிழை வந்தால், ஹார்ட் டிஸ்க்கில் கடகட சத்தம் கேட்டால், கணினியை அப்போதே அணையுங்கள். ரிப்பேர், ஸ்கேன், டிஸ்க் செக் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருப்பதைக் கெடுக்கும். தரவு மீட்பு செய்பவரிடம் டிஸ்க்கை அப்படியே கொடுங்கள். செலவு ஆயிரங்களில் போகும், ஆகவே அந்த மெயில் பிரவுசரிலோ போனிலோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 5: ஒரே மெயில் இரண்டு, மூன்றாக

ஜிமெயிலில் லேபிள்கள்தான் செயலிக்கு ஃபோல்டர்களாகத் தெரிகின்றன. இன்பாக்ஸில் ஒன்று, 'ஆல் மெயில்' ஃபோல்டரில் ஒன்று, 'இம்பார்ட்டன்ட்' லேபிளில் ஒன்று என்று ஒரே மெயில் வரும். கணினியில் இடமும் அத்தனை மடங்கு போகும். ஜிமெயில் அமைப்புகளில் 'லேபிள்ஸ்' பகுதிக்குப் போய் 'இம்பார்ட்டன்ட்', 'ஆல் மெயில்' இரண்டுக்கும் 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுங்கள். இரட்டிப்பென்று நினைத்து 'ஆல் மெயில்' பக்கத்திலிருந்து அழித்துவிடாதீர்கள். அங்கே குப்பைத் தொட்டிக்குத் தள்ளினால் எல்லா இடத்திலிருந்தும் போகும்.

பாப் கணக்கில் எல்லா மெயிலும் திடீரென இரண்டாம் முறை இறங்கினால், எதை ஏற்கெனவே எடுத்தோம் என்று குறித்துவைக்கும் 'பாப்ஸ்டேட்' கோப்பு கெட்டிருக்கும். ஒரு முறை இறங்கி முடியட்டும், பிறகு இரட்டிப்பு நீக்கும் ஆட்-ஆன் ஒன்றைப் போட்டு ஒழுங்காக்கலாம்.

## அறிகுறி 6: திறக்க நேரமாகிறது, தேடினால் கிடைக்கவில்லை

அழித்த மெயில் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. அடையாளம் மட்டும் போடப்படும். 'ஃபைல்' → 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' ஓட்டினால்தான் இடம் திரும்பும். டிஸ்க்கில் பெரிய ஃபோல்டரின் அளவைப் போல இரண்டு மடங்காவது காலியிடம் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், நடுவில் மூடாதீர்கள். மின்வெட்டு இருக்கும் நேரத்தில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

தேடல் மட்டும் தவறினால், செயலியை மூடி ப்ரொஃபைலில் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்ற எஸ்கியூலைட் கோப்பை நீக்குங்கள். திறந்ததும் மறுபடி உருவாகும், பெரிய பெட்டிக்குச் சில மணி நேரம் எடுக்கும்.

ஐமேப் கணக்கில் 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் கடைசிச் சில மாதங்களை மட்டும் இறக்கச் சொல்லலாம். ப்ரொஃபைலையோ பிஎஸ்டியையோ ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். திறந்திருக்கும்போதே அவை கோப்பைப் பூட்டி ஏற்ற முயலும், சிதைவு அங்கிருந்து தொடங்கும். இவ்வளவுக்கும் பிறகும் மெதுவென்றால், சுழலும் டிஸ்க் உள்ள கணினியில் எஸ்எஸ்டி போடுவது பலன் தரும் செலவு.

## அறிகுறி 7: தமிழ் கட்டமாக, கேள்விக்குறியாக, வேற்று எழுத்தாக வருகிறது

மூன்றும் வேறு வேறு கோளாறுகள். பார்த்தாலே பிரிக்கலாம்.

கட்டங்கள்: எழுத்துரு இல்லை. விண்டோஸ் 10, 11இல் நிர்மலா யூஐ இருப்பதால் பெரும்பாலும் வராது. லினக்ஸில் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகும்.

உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள், நீண்ட வரிசையாக: யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அதைச் செயலி மேற்கத்திய எழுத்தாகப் படித்தால் ஒரு குறிக்கு மூன்று விநோத எழுத்து வரும். தரவு கெடவில்லை. 'வியூ' → 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்துங்கள்.

கேள்விக்குறிகள்: அனுப்பிய இடத்திலேயே எழுத்து தொலைந்துவிட்டது. உங்கள் பக்கம் மீட்க வழியில்லை. அனுப்பியவரை யூனிகோடில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய மெயில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நான்காவது ஒன்று உண்டு. யூனிகோட் பரவும் முன் தமிழ் மெயில்கள் டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டேப், டேம், இவை தவிர பாமினி போன்ற எழுத்துருக்கள் எனப் பல வடிவில் போய்க்கொண்டிருந்தன. எது என்று அறிய எளிய வழி: அதே மெயிலில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் சரியாகத் தெரிந்து, தமிழ் மட்டும் உச்சிக்குறி எழுத்தாக இருந்தால் டிஸ்கி அல்லது டேப். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஆங்கில எழுத்துகளே பொருளின்றிக் கலந்திருந்தால் பாமினி வகை. உரையைப் பிரதியெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடாகக் கிடைக்கும். சொந்த விஷயங்கள் உள்ள மெயிலை இணையதள மாற்றிகளில் ஒட்ட வேண்டாம், கணினியில் நிறுவும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். அந்த மெயில்களை அழித்துவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கடிதம் படிக்க முடியாமல் இருப்பது எழுத்துருவால் மட்டுமே.

## அறிகுறி 8: எதைச் செய்தாலும் சரியாகவில்லை, செயலியையே மாற்றலாமா

மாற்ற வேண்டிய நிலைமைகள் சில. விண்டோஸ் லைவ் மெயிலுக்கு ஓஆத்2 தெரியாது. விண்டோஸோடு வந்த 'மெயில்' செயலிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 டிசம்பர் 31இல் முடிந்தது. இவற்றைப் பழுதுபார்க்க மெனக்கெட வேண்டாம். பிற கணக்குகளின் மெயிலை ஜிமெயில் வலைப்பக்கத்துக்குள் பாப் வழியாக இழுத்துப் படித்தவர்களும் இதில் சேர்வார்கள். 2026 ஜனவரி முதல் அந்த வசதியை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க இனிக் கணினிச் செயலிதான் நல்ல வழி.

பெரும்பாலானவர்களுக்கு: தண்டர்பேர்ட், ஐமேப். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ப்ரொஃபைல் ஃபோல்டரை நகலெடுத்தாலே பேக்கப். விண்டோஸ் 7, 8 கணினியில் 115ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது.

புதிய அவுட்லுக்: எடுப்பான தோற்றம், ஆனால் ஜிமெயில், யாகூ கணக்குகளைச் சேர்த்தால் அந்த மெயில்களை மைக்ரோசாஃப்ட் சர்வரிலும் பிரதி எடுத்து வைக்கும். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துச் சேருங்கள். பிஎஸ்டி சேமிப்பு நிறைய வைத்திருப்பவர்கள் பழைய அவுட்லுக்கிலேயே இருப்பது நல்லது.

பழைய, நினைவகம் குறைந்த லினக்ஸ் கணினி: கிளாஸ் மெயில் இலகுவாக ஓடும். ஆனால் வண்ணம், தடித்த எழுத்து போட்டு எழுத முடியாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் உள்ள அலுவலகக் கணக்கு லினக்ஸில் வேண்டுமென்றால் எவல்யூஷன்.

கட்டளை வரியில் மெயில் எடுக்க: ஃபெட்ச்மெயில் ஒரு வழிப் பாதை, எடுத்து உள்ளூர் அஞ்சல் அமைப்பிடம் கொடுத்துவிடும். எம்பிசின்க் இரு பக்கமும் ஒத்திசைக்கும், ஆகவே ஜிமெயிலுக்கு உள்ளூர் பேக்கப் வைக்க இதுவே பொருத்தம். ஃபெட்ச்மெயில் ஓடவே மறுத்தால் முதலில் அமைப்புக் கோப்பின் அனுமதியைப் பாருங்கள். பிறர் படிக்கும்படி இருந்தால் அது வேலை செய்யாது, 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். ஓஆத்2 இவற்றில் சற்றுத் தலைவலி. ஜிமெயிலுக்கு ஆப் பாஸ்வேர்ட் எளிது.

### மாறும் முறை

1. புதிய செயலியில் கணக்கை ஐமேப்பாகச் சேருங்கள். பழையதை நீக்க வேண்டாம்.

2. பழைய செயலியில் அதே கணக்கு பாப்பாக இருந்தால், அதிலேயே ஐமேப்பாகவும் ஒரு முறை சேருங்கள். பாப் ஃபோல்டரில் உள்ள மெயில்களை ஐமேப் ஃபோல்டருக்கு 200, 300 என்ற அளவில் காப்பி செய்யுங்கள். 'மூவ்' வேண்டாம், பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது தங்கியது என்று தெரியாது. ஜிமெயிலில் ஒரு நாளைக்கு ஏற்றும் எல்லை 500 எம்பி. 5 ஜிபி என்றால் பத்து நாள் வேலை.

3. ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

4. முகவரிப் புத்தகத்தைத் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். அது மெயிலோடு வராது. ஃபில்டர்களும் வராது, கையால் எழுத வேண்டும்.

5. இரண்டு வாரம் இரண்டு செயலியும் இருக்கட்டும். பழையது பாப்பில் தானாக மெயில் எடுப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் புதிய மெயிலை அது தொடர்ந்து கொண்டுபோகும்.

பழைய ப்ரொஃபைல் அல்லது பிஎஸ்டியின் ஒரு நகலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, அந்த நகலிலிருந்து ஒரு மெயிலாவது திறந்து பார்த்த பிறகு பழைய செயலியை நீக்கலாம்.